எங்கள் பாட்டில் என் குரல்

எங்கள் பாட்டு வந்த புதிதில் அம்மா அதைத் தினமும் பத்துத் தடவையாவது கேட்பாள். அடுப்படியில் பருப்பு டப்பாவின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, ஒரு காதை அதன் பக்கம் கொடுத்துக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். பாட்டு முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே கேள்விதான்.

“நல்லாத்தான் இருக்கு. இதுல உன் குரலு எங்கடி?”

நானும் சளைக்காமல் விளக்குவேன். மூன்று பேர் பாடுகிறோம், நடுவில் கேட்பது பூதலூர்க்காரி, அவளுக்கு மேலே மெல்லிசாகப் போவது பூம்புகார்க்காரி, இரண்டு பேருக்கும் கீழே ஓடுவது நான். அம்மா மறுபடியும் போட்டுக் கேட்பாள். இரண்டு குரல் கேட்கிறது, மூன்றாவதைக் காணோம் என்பாள். போன் ஸ்பீக்கரில் கீழ்க்குரல் சரியாக விழாது என்று சமாளித்தேன். அது பாதி உண்மை. ஹெட்போன் மாட்டிவிட்ட பிறகும் அவள் அதையேதான் சொன்னாள்.

நான்கு வருடம் அந்தக் குழுவில் பாடினேன். எத்தனை மேடை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பேரும் போட்டோவும் மற்ற இரண்டு பேருக்குப் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை, சின்ன வருத்தம் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு அந்தப் பாட்டில் என் குரல் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது என்ன ஆசை என்று கேட்கலாம். இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேரும் தஞ்சாவூரில் ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்தவர்கள். ஊர்ப் பேர்தான் எங்களுக்குள் கூப்பிடும் பேர். நான் நீடாமங்கலத்துக்காரி. அம்மா நடவுக்கும் களைக்கும் போய் என்னையும் அண்ணனையும் படிக்க வைத்தாள். பூதலூர்க்காரியின் அப்பா ரயில்வேயில் கேங்மேன். பூம்புகார்க்காரியின் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், அவள் மட்டும் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வந்திருந்தாள். வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம், இவள் பள்ளியில் எட்டு வருடம் சர்ச் கொயரில் பாடியவள். ஹார்மனி என்கிற வார்த்தையே அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

விடுதியின் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில்தான் அவள் எங்களை நிறுத்திப் பாடவைத்தாள். எல்லாரும் ஒரே மெட்டில் பாடக்கூடாது, ஆளுக்கு ஒரு படி மேலேயும் கீழேயும் நிற்க வேண்டும், அடுத்தவள் குரல் இழுத்தாலும் நம் படியை விட்டு இறங்கக்கூடாது என்றாள். என் குரல் கனம். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு நான் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட குரலைக் கேட்டுவிட்டுப் பூம்புகார்க்காரி சந்தோஷத்தில் குதித்தாள். இப்படிக் கீழே நிற்கிற பெண்குரல் கிடைக்கவே கிடைக்காதாம். என் தொண்டையைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவள் என்ன சொன்னாலும் கேட்டேன்.

முதல் போட்டியில் நடுவராக வந்தவர் மெத்தப் படித்த பாடகர். பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, குரல் வளம் இருக்கிறது, ஆனால் மூன்று பேரும் மூன்று பக்கம் போகிறீர்கள், முதலில் சேர்ந்து பாடப் பழகுங்கள் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். பூம்புகார்க்காரி அன்று சோறு சாப்பிடவில்லை. பூதலூர்க்காரி இரண்டு பேர் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

பாட்டு பிறந்தது பூதலூர் ஸ்டேஷனில். பூதலூர்க்காரி வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டுத் தஞ்சாவூர் திரும்பப் பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருந்தோம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட வாரம் அது. எங்கள் ஊருக்குத்தான் முதலில் வரும் என்று பூதலூர்க்காரி பீற்றிக்கொண்டாள். எங்கள் ஊரில் ஆறு மூன்றாகப் பிரிகிற தலைப்பில் ஷட்டரை இறக்கினால் அதற்குக் கீழே ஒருவருக்கும் கிடையாது என்றேன் நான். பூம்புகார்க்காரி அலட்டிக்கொள்ளவே இல்லை. “உங்களுக்கு வந்தா அது ஆறு. எங்களுக்கு வரும்போது அது கடலு” என்றாள். சிரித்துச் சிரித்து அதிலிருந்தே வரி கட்டினோம்.

*மதகு திறந்தாச்சு, மண்ணெல்லாம் நனைஞ்சாச்சு,*
*மச்சான் வரவு மட்டும் மாசக் கணக்காச்சு.*

தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து எடுத்த வீடியோ அது. பின்னால் ஒரு சரக்கு வண்டி போகிறது, ஒரு ஆடு குறுக்கே நடக்கிறது. அதைத்தான் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. பத்து நாளில் மன்னார்குடி பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் போனில் அந்தப் பாட்டு மணியாக அடித்தது. அவர் எடுத்துப் பேசி வைக்கும்வரை அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் கல்லூரி விழா, கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, ஒரு டிவி நிகழ்ச்சி என்று ஓடினோம். கீபோர்டு வாசிக்கிற ஒரு அண்ணன் எங்களோடு சேர்ந்து, வேன் பிடிப்பது, தேதி கொடுப்பது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். வளர்ச்சி என்றால் எப்படி இருக்கும் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், வேனின் பின் சீட்டில் பட்டுப் பாவாடையோடு தூங்கி, முழித்ததும் எந்த ஊர் என்று தெரியாமல் இருப்பது என்பேன். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எல்லா மேடையிலும் கடைசியில் அதே மதகைத் திறக்க வேண்டும், அதே மச்சானுக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து அறிவிப்பாளர்கள் எல்லாரும், ஆறு மூன்றாகப் பிரிவதுபோல் மூன்று குரல்கள் என்று ஒரே வசனத்தைச் சொல்லுவார்கள். அதை முதன்முதலில் சொன்னவர் யாரோ, அவரைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும் என்று பூதலூர்க்காரி சொல்லுவாள்.

அவளைத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் பாடுவதுதான் மெட்டு, நியாயம்தான். பூம்புகார்க்காரியின் மேல்குரலுக்குக் கைதட்டல் விழும். நான் பாடுவது பாட்டு என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பத்திரிகையில் எங்கள் போட்டோ வந்தபோது ஓரத்தில் நின்ற என்னுடைய ஒரு தோளும் ஜடையின் பாதியும் வந்திருந்தது. அம்மா அதைக் கத்தரித்து பீரோ கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். வருகிறவர்களிடம் ஜடையைக் காட்டி, இது என் பெண்தான் என்பாள்.

தஞ்சாவூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அந்தப் பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்தோம். கீபோர்டு அண்ணன் எங்களை ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் அனுப்பித் தனித்தனியாகப் பாடவைத்தார். அப்போதுதான் என் குரல் மட்டும் தனியாக ஓடுவதைக் கேட்டேன். ஆசையோடு அதை அம்மாவுக்கு அனுப்பினேன். இப்போதாவது கேட்கட்டும், மற்ற இரண்டு பேர் குறுக்கே இல்லை. அம்மா உடனே கூப்பிட்டாள்.

“இது என்ன, பாட்டா? யாருக்கோ உடம்புக்கு முடியாம முனகுற மாதிரியில்ல இருக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

இதைவிடப் பெரிய கூத்து என் மாமா மகள் காதுகுத்தில் நடந்தது. அம்மா சொந்தக்காரர்களிடம் அந்தப் பாட்டு என் பாட்டு என்று சொல்லிவைத்திருந்தாள். பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், எங்கே, ஒரு தடவை பாடு என்றார்கள். மைக் இல்லை, தோழிகள் இல்லை. அம்மா பெருமையாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நான் பூதலூர்க்காரியின் மெட்டில்தான் ஆரம்பித்தேன். மதகு திறந்தாச்சு வரை சரியாக வந்தது. மண்ணெல்லாம் என்கிற இடத்தில் என் தொண்டை தானாகக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி மேலே ஏறினேன், மறுபடி இறங்கியது. மூன்று வருடமாக, அடுத்தவள் இழுத்தாலும் உன் படியை விடாதே என்று பழக்கிய தொண்டை. எங்கள் ஊரில் எல்.கே.ஜி. பிள்ளை பாடுகிற பாட்டை, அதைப் பாடிய எனக்குப் பாடத் தெரியவில்லை. என்னை மாதிரிக் கீழ்க்குரல் பாடுகிறவர்களுக்குத்தான் இப்படி ஒரு அவமானம் வரும்.

முதலில் பிள்ளைகள் சிரித்தன. அத்தை ஒருத்தி சரியான மெட்டை எடுத்துக்கொடுத்தாள். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, “என்னண்ணி, உங்க பொண்ணு கூட்டத்தோட கோவிந்தா போடுறவதானா?” என்றாள். கேலிதான், அவள் மனதில் கெட்டது இல்லை. அம்மாவும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போது, “வேணும்னா இனிமே யாருகிட்டயும் சொல்லலடி” என்றாள். நான் பொய் சொல்லி அவளை மாட்டிவிட்டதுபோல் இருந்தது.

அடுத்த தை மாதம் அம்மா விழுந்தாள். எங்களுக்கு இருக்கிற மூன்று மா நிலத்தில் அறுவடை மெஷின் இறங்குவதைப் பார்க்கப் போனவள், வரப்பில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். அப்பா இல்லை. அண்ணன் சிங்கப்பூரில். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, தூக்கி உட்காரவைப்பதில் இருந்து எல்லாவற்றுக்கும் நான்தான். அந்த வாரமே நான்கு இடத்தில் நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருந்தோம். எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது பூதலூர்க்காரியே கூப்பிட்டாள்.

“நீ அம்மாவைப் பாருடி. உன் குரலு தனியா எடுத்தது இருக்குல்ல, அதைக் கீபோர்டு அண்ணன் மேடையில லேப்டாப்ல போட்டுடுவாரு. ஒரு வாரம்தானே, சமாளிச்சுக்கறோம். போட்டுக்கலாம்ல?”

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நன்றி என்றும் சொன்னேன். போனை வைத்த பிறகு, எப்பேர்ப்பட்ட தோழிகள் என்று கண் கலங்கினேன்.

அந்த ஒரு வாரம் மாசியில் முடியவில்லை, பங்குனியில் முடியவில்லை, சித்திரையிலும் முடியவில்லை. அம்மாவுக்கு ஒரு மாதத்தில் ஆற வேண்டிய புண் சீழ் வைத்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்பேன், வெந்நீர், மாத்திரை, துவைக்க வேண்டிய துணி என்று என் நாள் போனது. திருவிழா மேடைகளின் வீடியோ போனில் வரும். பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு பார்ப்பேன். நான் இல்லாமல் பாட்டு ஓட்டையாகத் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. பாட்டு அப்படியே இருந்தது, ஏனென்றால் நான் அதில் இருந்தேன். ஒரு வீடியோவின் கீழே யாரோ ஒருவர், மூன்றாவது அக்கா எங்கே என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், மூன்று பேரா என்று கேட்டிருந்தார். பதில் எழுதலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

இந்த மாதங்களில் நான் பாடிக்கொண்டுதான் இருந்தேன், எனக்கே தெரியாமல். அம்மாவின் முதுகைத் துடைக்கும்போது, காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கும்போது, வாய் தானாக அந்தக் கீழ்வரியை ஓட்டும். அம்மாதான் எரிந்து விழுவாள், வேறு பாட்டே கிடைக்கவில்லையா, எந்நேரமும் இதையே முனகுகிறாயே என்று. சரி என்று நிறுத்துவேன், மறுபடி ஆரம்பித்துவிடும். வாக்கரைப் பிடித்து அவள் முதல் நான்கு அடி நடந்த அன்று, வலி தெரியாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அவளே அந்த வரியை முனகினாள். அது என்ன வரி என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பட்டது போதும் என்று இருந்தது.

ஆனி மாதம் அவள் கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் நான் கீபோர்டு அண்ணனைக் கூப்பிட்டு, இனி வந்துவிடுவேன் என்றேன். அவர் அம்மாவைப் பற்றி நிறைய விசாரித்தார். பிறகு இழுத்து இழுத்துப் பேசினார். மேடை இரண்டு மைக்குக்குப் பழகிடுச்சும்மா, சின்ன கார் போதுமாக இருக்கிறது, எல்லாத் தேதியும் இரண்டு பேர் என்று பேசித்தான் வாங்கியிருக்கிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார். லேப்டாப்பில் இருக்கிற உன் ட்ராக்குக்குச் சளி பிடிக்காதும்மா என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன், அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரத்துக்கு அதில்தான் அலாரம் வைத்திருந்தேன்.

பூதலூர்க்காரியிடமும் பேசினேன். அவள் தொண்டை கட்டிக் கரகரத்துப்போயிருந்தது. தினமும் ஒரு ஊர், தூங்கி எத்தனை நாள் என்று தெரியவில்லை என்றாள். “நீ எங்ககூடத்தான்டி இருக்க, எல்லா மேடையிலயும்” என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள், நம்பித்தான் சொன்னாள். சண்டை போட வேண்டும் என்று எடுத்த போன் அது. அவள் குரலைக் கேட்டதும், சுக்குத் தட்டிப் போட்டுக் குடி என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கும் தெம்பு இல்லை.

நீடாமங்கலத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சிட்டாவும் அடங்கலும் கேட்டு வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிற வேலை. வரிசையில் நிற்பவர்களின் போனில் சில நேரம் நான் பாடுவேன். பட்டா எண் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊர் ஆற்றங்கரையிலேயே அவர்கள் நிகழ்ச்சி. பூம்புகார்க்காரி எனக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருப்பதாகச் செய்தி அனுப்பினாள். நான் போவதாக இல்லை. அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். ஏழு மாதமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், ஆற்றில் தண்ணீரையாவது பார்க்கிறேன் என்றாள். ஆட்டோவில் அழைத்துப் போனேன். வெயில் தாழ்ந்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்ட பெண்கள் கூட்டம் கூட்டமாகப் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். தலைப்பில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்து போனது. நாங்கள் முன்வரிசைக்குப் போகவில்லை, அம்மாவால் நெரிசலில் நுழைய முடியாது. பின்னால் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

அறிவிப்பாளர் பழக்கதோஷத்தில், ஆறு மூன்றாகப் பிரிவதுபோல் மூன்று குரல்கள் என்றார். மேடையில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. ஐந்தாறு பாட்டுக்குப் பிறகு நம்ம ஊருப் பாட்டு என்று அறிவித்ததும் கூட்டம் விசிலடித்தது. பூதலூர்க்காரி மதகைத் திறந்தாள். கூட்டமே அவளோடு சேர்ந்து பாடியது. என் வாய் அசையப் பார்த்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

முதல் சரணம் போய்க்கொண்டிருக்கையில் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். மேடையைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். மறுபடி மேடையைப் பார்த்தாள்.

“கீழ ஒண்ணு ஓடுதே, நீ எனக்கு முதுகு தொடைக்கறப்ப முனகுவியே, அதான அது?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அது உன் குரலுல்ல?”

“ஆமாம்மா.”

நான்கு வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். அது வந்தபோது நான் வேப்பமரத்தடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நீ இங்கல்ல இருக்க. உன்னைக் கேட்டுட்டுத்தான் போடுறாங்களா?”

“கேட்டாங்கம்மா. ஒரு வாரத்துக்குன்னு கேட்டாங்க.”

அம்மா என் முழங்கையிலிருந்து கையை எடுத்துக் கோலின் மேல் வைத்துக்கொண்டாள். இரண்டாம் சரணம் வந்தது. ஆற்றங்கரையில் இருந்த சனம் மொத்தமும் பூதலூர்க்காரியின் மெட்டைப் பாடியது. அம்மா மட்டும், மேடையைப் பார்த்துக்கொண்டே, கீழே என்னுடையதைப் பாடினாள்.